ஒப்பிப்பதிலிருந்து வாசிப்புக்கு: தொடக்கப் பள்ளிக் குழந்தைகளைத் தமிழ் வாசிக்க வைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தமிழ்ப் பாடநூலின் ஒரு பக்கத்தை விரல் வைத்துத் தடங்கலின்றி வாசித்துக் காட்டினாள். குரலில் ஏற்ற இறக்கம் இருந்தது; நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். அதே பக்கத்திலிருந்த மூன்று சொற்களைத் தனித்தாளில் எழுதி நீட்டியபோது அவளால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்ததும் பாடம் முழுவதும் அவளுக்கு நினைவுக்கு வந்திருக்கிறது. விரல் எழுத்துகளின் மேல் நகர்ந்ததே தவிர, கண் எழுத்துகளைப் படிக்கவில்லை. பல மாதங்களாக அவள் என் வகுப்பில்தான் இருந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்றே நானும் நம்பியிருந்தேன்.

அந்தத் தாளை நீட்டிய நாளிலிருந்து என் வகுப்பறையின் நடைமுறை மாறியது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில், அவ்வாறு மாறிய நடைமுறையைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாக ஒன்றிய அரசு 2021 ஜூலையில் நிபுண் பாரத் திட்டத்தையும், தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டத்தையும் தொடங்கிய பிறகு, தொடக்க வகுப்புகளில் வாசிப்பைப் பற்றிய பேச்சு பெருகியிருக்கிறது; பயிற்சி நூல்களும் செயல்பாட்டுப் பொருள்களும் வந்திருக்கின்றன. ஆனால் எந்தத் திட்டமாக இருந்தாலும், ஒரு குழந்தையின் வாசிப்பு எந்த இடத்தில் அறுபடுகிறது என்பதை அருகில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பவர் ஒருவர் இல்லாவிட்டால், அந்தக் குழந்தைக்குப் பயன் கிடைப்பதில்லை. இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாப் படிகளும் அந்தக் கேட்டலிலிருந்தே தொடங்குகின்றன.

படி 1: தனித்தனியாகக் கேட்டு, எங்கே அறுபடுகிறது என்று குறித்தல்

கல்வியாண்டின் முதல் இரண்டு வாரங்களில் ஒவ்வொரு குழந்தையையும் தனியாக அழைத்து ஐந்து நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். பாடநூலைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு தாளில் படம் எதுவும் இல்லாமல் பத்து எழுத்துகள், பத்து எளிய சொற்கள், நான்கு வரிப் பத்தி ஒன்று, எட்டு வரிக் கதை ஒன்று ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்க 2005 முதல் நடந்துவரும் ஏசர் ஆய்வில் தன்னார்வலர்கள் வீடுவீடாகக் கொண்டுசெல்லும் தாளும் ஏறக்குறைய இப்படித்தான் எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்ற வரிசையில் அமைந்திருக்கும். குழந்தை எந்த நிலையில் நிற்கிறது என்பதை அறிய இந்த ஒரு தாளே போதும்.

ஆனால் நிலையை அறிவதோடு வேலை முடிவதில்லை. எவ்வாறு தடுமாறுகிறது என்பதைச் சொல்லுக்குச் சொல் ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் ‘கொக்கு’ என்ற சொல்லைக் ‘கெ’ என்று தொடங்கி, அடுத்ததாக ‘ர’ என்றான். பிழை என்று திருத்திவிட்டு நகர்ந்திருந்தால் அவன் சிக்கல் எனக்குப் புரிந்திருக்காது. அவன் கண்ணுக்கு ஒற்றைக் கொம்பும் ‘க’வும் சேர்ந்து ‘கெ’ என்று தெரிந்தன; அதன் பின்னால் நின்ற துணைக்காலோ ‘ர’ என்ற தனி எழுத்தாகத் தெரிந்தது. ஒரு மெய்யின் இருபுறமும் நிற்கும் இரண்டு குறிகள் சேர்ந்து ஒரே ஒலியைத் தருகின்றன என்பதை அவனுக்கு யாரும் பிரித்துக் காட்டியதில்லை. அந்த ஒரு குறிப்பு அவனுடைய அடுத்த மூன்று வாரப் பாடத்தை முடிவு செய்தது.

இப்படிக் குறித்துக்கொண்டே போனால் தடுமாற்றங்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்குவதைக் காணலாம். சிலருக்கு எழுத்தே அடையாளம் தெரிவதில்லை. சிலருக்கு அகர எழுத்து தெரியும், ஆனால் அதில் குறி சேர்ந்ததும் குழம்புகிறார்கள். சிலர் ஒவ்வோர் எழுத்தையும் சரியாகச் சொல்லியும் அவற்றைக் கூட்டிச் சொல்லாக்கத் தெரியாமல் நிற்கிறார்கள். வேறு சிலர் முழுப் பத்தியையும் சரியாக வாசித்துவிட்டு, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் பேசாமல் இருக்கிறார்கள். இந்த நால்வருக்கும் ஒரே பாடத்தை நடத்துவது நால்வருக்குமே உதவாது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வகுப்பைக் கணக்கில் கொள்ளாமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகக் குழந்தைகளைப் பிரித்ததன் காரணமும் இதுவே. அந்தப் பிரிவுகளுக்குள்ளும் மேலே சொன்ன நான்கு வகையை நீங்கள் தனியே குறித்து வைத்திருப்பது நல்லது.

படி 2: எழுத்துக்கு முன் காதைப் பழக்குதல்

பேசும் சொல் சிறு சிறு ஒலிகளால் ஆனது என்பதை ஐந்து வயதுக் குழந்தை தானாகவே உணர்ந்திருப்பதில்லை. அதற்குத் ‘தக்காளி’ என்பது ஒரே பொருள், ஒரே சொல். அதைப் பிரிக்க முடியும் என்று உணர்ந்த பிறகுதான் அதன் துண்டுகளுக்கு எழுத்து உண்டு என்ற செய்தி அதன் மனதில் பதியும். எனவே முதல் வாரங்களில் நாள்தோறும் பத்து நிமிடம் புத்தகமும் பலகையும் இல்லாமல் வாயாலும் காதாலும் விளையாட வேண்டும்.

கைதட்டிச் சொல்லைப் பிரிக்கச் சொல்லுங்கள். ‘மாங்காய்’ என்பதில் ‘மாங்’ போனால் என்ன மிஞ்சும், ‘தக்காளி’யில் முதல் தட்டை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேளுங்கள், ‘காளி’ என்று கண்டுபிடித்ததும் வகுப்பே சிரிக்கும், அந்தச் சொல்லையும் மறக்காது. ‘பட்டம்’ என்பதில் முதல் ஒலியை மட்டும் மாற்றினால் கட்டம், சட்டம், மட்டம், வட்டம் என்று ஒரு வரிசையே கிடைக்கிறது. ஒரு சொல் முடியும் ஒலியில் அடுத்தவர் தொடங்கும் விளையாட்டை, குருவி, விளக்கு, குடை என்று, காலை வழிபாட்டுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில்கூட நடத்தலாம். ‘கடலோரம் உரல் உருளுது’ போன்ற நாப்பிறழ் தொடர்கள் ‘ர’வையும் ‘ல’வையும் நாக்கு வேறுபடுத்திப் பழக உதவும்.

படி 3: எழுத்துகளை எந்த வரிசையில் அறிமுகப்படுத்துவது

வழிவழியாக நாம் உயிர் பன்னிரண்டையும் முடித்து, மெய் பதினெட்டையும் முடித்து, பிறகு உயிர்மெய்க்குப் போகிறோம். இலக்கணத்துக்கு இது சிறந்த வரிசை. நெடுங்கணக்கின் அழகும் அதில்தான் இருக்கிறது. வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்கு மட்டும் அது மிக நீண்ட காத்திருப்பாகிவிடுகிறது. அளபெடை நீங்கலாக, தமிழில் உயிரெழுத்து சொல்லின் முதலில் மட்டுமே வரும். ஆகவே பன்னிரண்டு எழுத்துகளைக் கற்ற பிறகும் அந்தக் குழந்தையால் ஒரு புத்தகத்தின் ஒரு வரியைக்கூட வாசிக்க இயலாது. கற்ற எழுத்து உடனே பயன்படாதபோது, கற்றலில் உள்ள ஆர்வம் வடிந்துபோகிறது.

அதற்கு மாறாக, ப, ம, ட, க, ல என்ற ஐந்து எழுத்துகளையும் அவற்றின் புள்ளி வைத்த வடிவங்களையும் முதல் இரண்டு வாரத்தில் கற்பித்துப் பாருங்கள். படம், பட்டம், கட்டம், பக்கம், கல், பல், கடல், பகல், கப்பல் என்று ஒன்பது சொற்களைக் குழந்தை தானே கூட்டிப் படித்துவிடும். அடுத்த வாரம் துணைக்காலை மட்டும் சேர்த்தால் கால், பால், காகம், பாலம் என்று மேலும் சொற்கள் கிடைக்கும். தமிழ்ச் சொற்களில் பல ம், ல், ன், ள் போன்ற ஒற்றில் முடிவதால், புள்ளி எழுத்துகளைத் தள்ளிப்போடக் கூடாது. முதல் நாளிலிருந்தே ‘ம’வும் ‘ம்’மும் அருகருகே நிற்கட்டும். உயிரெழுத்துகளை ஆடு, இலை, ஊசி என்று சொல்லோடு இடையிடையே சேர்த்துக்கொண்டு போகலாம். நெடுங்கணக்கைப் பாடலாகப் பாடுவதை நிறுத்தத் தேவையில்லை. பாடுவது வேறு, வாசிப்பு வேறு என்ற தெளிவு ஆசிரியரிடம் இருந்தால் போதும்.

247 என்ற எண் பெற்றோரை அச்சுறுத்துகிறது. ஆனால் அவற்றை 247 தனித்தனி வடிவங்களாகக் கற்க வேண்டியதில்லை. ‘ங’ வரிசையில் குழந்தைகளின் புத்தகங்களில் வருவது பெரும்பாலும் ‘ங்’ மட்டுமே. ஔகார வரிசையில் வௌவால், பௌர்ணமி போன்ற சில சொற்களே புழங்குகின்றன. அவற்றுக்குச் செலவிடும் நேரத்தை ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றுக்குக் கொடுக்கலாம்; வகுப்பில் பாதிப் பேருடைய பெயரில் அவை இருக்கின்றன, தன் பெயரை வாசிக்க முடியாத குழந்தைக்கு மற்ற எந்தச் சொல்லும் பெரிதாகத் தோன்றாது.

படி 4: உயிர்மெய்க் குறிகளைத் தனிப் பாடமாக நடத்துதல்

எழுத்து தெரிந்தும் வாசிக்க முடியாமல் நிற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்தப் படியில்தான் தேங்கியிருக்கிறார்கள். கன்னட மொழிப் பள்ளிகளில் சொனாலி நாக் மேற்கொண்டு 2007-இல் வெளியிட்ட ஆய்வு, நம் நாட்டு உயிர்மெய் எழுத்து முறையில் எழுத்துகள் அனைத்தையும் அறிந்துகொள்வதற்கே ஓரிரு ஆண்டுகள் போதாது, தொடக்க வகுப்புகள் முழுவதும் அது நீளும் என்று காட்டியது. தமிழிலும் நான் கண்டது இதுவே. எனவே ஒன்றாம் வகுப்பில் உயிர்மெய் நடத்தி முடித்துவிட்டோம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டாலும், இரண்டாம், மூன்றாம் வகுப்பில் மறுபடி மறுபடி அதற்குத் திரும்ப வேண்டும்.

குறிகளை எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்லும்படி வரிசைப்படுத்துங்கள். துணைக்கால் எழுத்தின் பின்னால் தனியாக நிற்பதால் அது முதலில். இகர, ஈகாரக் குறிகள் எழுத்தோடு ஒட்டி நின்றாலும் எல்லா மெய்க்கும் ஏறக்குறைய ஒரே வடிவம் என்பதால் அடுத்தது. உகரமும் ஊகாரமும்தான் உண்மையான மேடு. அவற்றின் வடிவம் மெய்க்கு மெய் மாறுகிறது. ஆயினும் அவற்றில் ஒழுங்கு இல்லாமல் இல்லை: கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவை ஒரு குடும்பம், சு, பு, யு, வு ஆகியவற்றில் கோடு நேராகக் கீழே இறங்குகிறது, து, நு, று, னு, ணு, லு ஆகியவற்றில் இறங்கிய கோடு வளைந்து மேலேறி நிற்கிறது. இந்த மூன்று குடும்பங்களையும் மூன்று நிறச் சுண்ணக்கட்டியால் எழுதி, வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று நடத்தியபோது, ஆண்டுதோறும் தடுமாறிய இடத்தை என் வகுப்பு மூன்று வாரத்தில் கடந்தது.

எகர, ஏகார, ஐகாரக் குறிகளில் சிக்கல் வேறு வகையானது. ஒலிக்கும்போது மெய் முன்னும் உயிர் பின்னும் வருகின்றன. எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது. இடமிருந்து வலமாகப் போக வேண்டும் என்று பழக்கிய கண், முதலில் கொம்பைச் சந்தித்துத் திகைக்கிறது. ‘கொம்பைக் கண்டால் பொறு, அடுத்த எழுத்தைப் பார்த்துவிட்டுச் சொல்’ என்பதை ஒரு பழக்கமாகவே ஆக்க வேண்டும். அட்டையில் கொம்பைத் தனியாகவும், மெய்யெழுத்துகளைத் தனியாகவும், துணைக்காலைத் தனியாகவும் வெட்டி, ‘க’வின் முன் கொம்பை வைத்துக் ‘கெ’ என்றும், பின்னால் காலை நகர்த்தி ஒட்டியதும் ‘கொ’ என்றும் குழந்தையின் கையாலேயே மாற்றச் செய்யுங்கள். ‘கொக்கு’ என்பதில் தடுமாறிய அந்த மாணவன் அட்டைக் காலை எடுப்பதும் வைப்பதுமாக ஒரு மதிய வேளை முழுவதும் உட்கார்ந்திருந்தான். மறுநாள் ‘கோழி’யையும் ‘தோடு’வையும் கேட்காமலே வாசித்தான்.

வீட்டில் தாத்தா, பாட்டி சொல்லிக்கொடுப்பவர்களாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வருவதற்கு முன் படித்தவர்கள் ‘லை’, ‘னை’ ஆகியவற்றை யானைத் துதிக்கை போன்ற பழைய வடிவத்திலும், ‘றா’, ‘னா’ ஆகியவற்றைச் சுழித்தும் எழுதுவார்கள். அது பிழையன்று, குழந்தைக்கு இரண்டு வடிவமும் ஒன்றே என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

படி 5: எழுத்தொலியிலிருந்து சொல்லொலிக்குத் தாவுதல்

ஒரு சிறுவன் ‘பா’, ‘ம்’, ‘பு’ என்று மூன்று எழுத்தையும் பிசகாமல் சொன்னான். சேர்த்துச் சொல் என்றபோது சேர்த்தும் சொன்னான். ஆனால் அது என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. காரணம், கடைசி எழுத்தை அவன் ‘புலி’யில் வரும் ‘பு’ போல வல்லோசையாகவே ஒலித்தான். ‘ம்’ என்ற மெல்லினத்தை அடுத்து வரும்போது அந்த ‘பு’ தளர்ந்து ஒலிக்கும் என்பதை எழுத்து அவனுக்குச் சொல்லவில்லை. அவன் ஊரில் நாள்தோறும் பார்க்கும் பாம்பு, அவன் வாயிலிருந்து வந்த ஒலியில் இல்லை.

தமிழில் க, ச, ட, த, ப ஆகிய எழுத்துகள் சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறுபவை. பேசும்போது நாம் இதை அறியாமலே செய்துவிடுகிறோம். கூட்டி வாசிக்கும் குழந்தை அறிந்து செய்ய வேண்டியிருக்கிறது. இதற்கு விதி சொல்லிக் கொடுப்பதால் பயனில்லை. தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, பாம்பு என்று மெல்லினமும் வல்லினமும் இணைந்து வரும் சொற்களை ஒன்றாகத் தொகுத்து, முதலில் எழுத்துகளை மெதுவாகச் சொல்லி, பிறகு ‘இது உனக்குத் தெரிந்த எந்தச் சொல் போல இருக்கிறது?’ என்று கேளுங்கள். எழுத்து தருவது பாதி வழி, மீதியைத் தனக்குத் தெரிந்த பேச்சிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பழக்கம் பத்துப் பதினைந்து சொற்களில் வந்துவிடும். அதனால்தான் தொடக்கத்தில் வாசிக்கக் கொடுக்கும் சொற்கள் எல்லாம் குழந்தை ஏற்கெனவே கேட்டறிந்த சொற்களாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். குழந்தை கேள்விப்பட்டிராத சொல்லைப் படம் போட்டுக் காட்டினாலும், கூட்டி முடித்த பிறகு தான் சொன்னது சரியா என்று சோதித்துக்கொள்ள அதற்கு வழியில்லை.

படி 6: வேற்றுமை ஏற்ற சொற்களை வாசித்தல்

சொற்பட்டியலைச் சரளமாக வாசிக்கும் குழந்தை கதைக்குள் நுழைந்ததும் திணறுவது ஏன் என்று பல ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பட்டியலில் ‘மரம்’ இருந்தது. கதையில் மரத்தில், மரத்தை, மரத்துக்கு என்று வருகிறது. ‘வீடு’ தெரியும், ‘வீட்டிலிருந்து’ தெரியாது. ‘ஆறு’ தெரியும், ‘ஆற்றில்’ என்பதைக் கண்டால் அது வேறு ஏதோ என்று நினைக்கிறது. நம் மொழியில் சொல் வாக்கியத்துக்குள் வரும்போது உருமாறி, நீண்டு, பின்னால் ஒட்டுகளைச் சுமந்துகொண்டு வருவதால், இதற்குத் தனிப் பயிற்சி இல்லாமல் பத்தி வாசிப்பு வராது.

மூன்று குடும்பங்களைப் பலகையின் மூன்று பத்திகளில் எழுதுங்கள். மரம், படம், குளம் ஆகியவை ‘த்து’ பெறுவன. வீடு, காடு, மாடு ஆகியவை இரட்டிப்பன. ஆறு, சோறு, கயிறு ஆகியவை ‘ற்’ பெறுவன. ஒரு குழந்தை ‘குளம்’ என்று வாசித்தால், அடுத்த குழந்தை ‘தவளை எங்கே இருக்கிறது?’ என்ற கேள்விக்குக் ‘குளத்தில்’ என்று சொல்லி, அந்தச் சொல்லின் அட்டையைத் தேடி எடுக்க வேண்டும். பேச்சில் இந்த மாற்றங்களை எல்லாம் அவர்கள் பிழையின்றிச் செய்துகொண்டிருக்கிறார்கள். தாம் பேசுவதைத்தான் எழுத்தில் காண்கிறோம் என்று கண்டுகொள்ளும்போது அவர்கள் முகத்தில் தெரியும் வியப்பை ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன்.

ஒற்று மிகும் இடங்களையும் இங்கேயே காட்டிவிடலாம். ‘பூவைப் பறித்தாள்’ என்ற தொடரில் ‘பூவைப்’ என்று வாசித்துவிட்டு மூச்சு விட்டு நிற்கும் குழந்தைக்கு, அந்தப் ‘ப்’ அடுத்த சொல்லோடு கைகோப்பதற்காக வந்தது என்று சொல்லி, இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்துக் காட்டுங்கள். இலக்கணப் பெயர் எதுவும் இந்த வயதில் வேண்டாம்.

படி 7: எழுத்துத் தமிழைக் காதில் ஊற்றுதல்

1986-இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள், வாசிப்பு என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றையொன்று பெருக்கிய விளைவு என்று கூறினார்கள். பெருக்கலில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியம். நம் குழந்தைகள் பேச்சுத் தமிழைப் புரிந்துகொள்வதில் குறையில்லாதவர்கள்; ஆனால் புத்தகம் பேச்சுத் தமிழில் இல்லை. ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று அவர்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. ‘வந்துக்கிட்டு இருக்காங்க’ என்பதே அவர்கள் கேட்டது. எனவே வாசிக்கத் தொடங்குமுன் எழுத்துத் தமிழின் நடை காதுக்குப் பழகியிருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி நாள்தோறும் புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டுவது.

கதையைச் சொல்வது வேறு, வாசித்துக் காட்டுவது வேறு, இரண்டும் தேவை. வாசித்துக் காட்டும்போது புத்தகத்தில் உள்ளபடியே வாசியுங்கள். நடுவில் நிறுத்தி, குழந்தைகளின் பேச்சு மொழியிலேயே பேசுங்கள்: ‘இப்ப அந்த நரி என்ன பண்ணும்னு நினைக்கிறீங்க?’ அவர்களும் தங்கள் மொழியிலேயே பதில் சொல்லட்டும். பேச்சைத் திருத்தினால் அடுத்த நாள் பேசமாட்டார்கள்.

குழந்தை வாசிக்கும்போது ‘இருக்கிறது’ என்பதை ‘இருக்கு’ என்று வாசித்தால் அதைப் பிழையாகக் குறிக்காதீர்கள். பொருள் புரிந்து, அதைத் தன் மொழிக்கு மாற்றிச் சொல்லும் திறன் அது. எழுத்தெழுத்தாக ‘இ-ரு-க்-கி-ற-து’ என்று உச்சரித்துவிட்டுப் பொருள் தெரியாமல் இருப்பதைவிடப் பன்மடங்கு மேலானது. அதே சொல்லை ஒருமுறை அச்சில் உள்ளபடி நீங்கள் வாசித்துக் காட்டிவிட்டு மேலே செல்லுங்கள்.

வீட்டு மொழி தமிழாக இல்லாத குழந்தைகளுக்கு இந்தப் படி இரட்டிப்பு நேரம் கேட்கும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், திருப்பூரில் இந்தியும் ஒடியாவும் பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, ஒரு கதையின் முக்கியமான சொற்களை அவர்கள் மொழியில் என்ன சொல்வார்கள் என்று முதலில் அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்ல பலன் தருகிறது.

படி 8: சரளம் வரும்வரை மறுவாசிப்பு

ஒரே பத்தியை மூன்று நாள் வாசிப்பது சோம்பலான வேலையாகத் தோன்றலாம்; சரளம் அதில்தான் வருகிறது. முதல் நாள் ஆசிரியர் ஒரு வரி வாசிக்க, குழந்தை விரல் வைத்து அதே வரியை வாசிக்கட்டும். இரண்டாம் நாள் சற்று முன்னேறிய தோழனோடு இணையாக வாசிக்கட்டும். மூன்றாம் நாள் தனியாக வாசித்து, ஆசிரியரிடம் கதையைத் தன் சொற்களில் சொல்லட்டும்.

வகுப்பு முழுவதும் ஒரே குரலில் வாசிப்பதை மிகக் குறைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். முப்பது குரலுக்குள் வாசிக்கத் தெரியாத ஐந்து குரல்கள் ஆண்டு முழுவதும் மறைந்திருக்க முடியும். தொடக்கத்தில் நான் சொன்ன மாணவி அப்படித்தான் மறைந்திருந்தாள்.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். நிபுண் பாரத் திட்டம் இரண்டாம் வகுப்பின் முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள், மூன்றாம் வகுப்பில் குறைந்தது 60 சொற்கள் என்று இலக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் மூன்று சொற்களில் எழுதுவதை நாம் ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்று ஒரே சொல்லில் எழுதுகிறோம். அதனால் சொல்லெண்ணிக்கையைத் தமிழ்க் குழந்தையின் மேல் அப்படியே வைத்து அளப்பது நியாயமாகாது என்பது என் கருத்து. கடிகாரத்தைப் பயன்படுத்துவதானால், அதே குழந்தை சென்ற மாதம் ஒரு நிமிடத்தில் எங்கே நின்றது, இந்த மாதம் எங்கே நிற்கிறது என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 9: புத்தகங்கள்

அலமாரியில் பூட்டி வைத்த புத்தகம் இருந்தும் இல்லாததே. வகுப்பறையின் குறுக்கே ஒரு கயிறு கட்டி, குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் புத்தகங்களைத் தொங்கவிடுங்கள், கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வெளியிட்ட சிறு புத்தகங்கள் குழந்தையின் நிலைக்கேற்பத் தேர்ந்து கொடுக்க வசதியானவை. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிட்டுத் தைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு. வரிக்கு மூன்று, நான்கு சொற்கள், புணர்ச்சி பிரித்து எழுதப்பட்ட தொடர்கள், பெரிய எழுத்து ஆகிய மூன்றையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

புத்தகமே இல்லாத இடத்தில் குழந்தைகளே அதை உருவாக்கலாம். நேற்று ஆட்டுக்குட்டி கிணற்றில் விழுந்ததை ஒரு குழந்தை சொல்ல, ஆசிரியர் நான்கு வரியாக எழுதி, மற்றவர்கள் படம் வரைந்தால் அது ஒரு புத்தகம். தன் வாயிலிருந்து வந்த கதையைக் குழந்தை சலிக்காமல் வாசிக்கும்.

படி 10: நாள் அட்டவணையும் வீடும்

ஈராசிரியர் பள்ளிகளில் மூன்று வகுப்பை ஒருவரே பார்க்க வேண்டியிருப்பதை அறிவேன். ஐம்பது நிமிடம் ஒதுக்க முடிந்தால், முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுதல். அடுத்த பதினைந்து நிமிடம் குழுவாரியாக எழுத்து, குறி, சொல் வேலை. மீதி நேரத்தில் குழந்தைகள் இணையாக வாசிக்க, ஆசிரியர் ஒரு பாயில் உட்கார்ந்து நாளைக்கு ஐந்து பேரைத் தனித்தனியே கேட்டல். முப்பது பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தையின் வாசிப்பும் உங்கள் காதில் விழுந்துவிடும். காலை உணவு முடிந்த முதல் பாடவேளையை இதற்குக் கொடுங்கள்.

பெற்றோருக்கு எழுத்து தெரியாவிட்டாலும் அவர்களால் உதவ முடியும். இரவில் பத்து நிமிடம் பிள்ளை வாசிப்பதைக் கேட்டுவிட்டு, ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று அவர்கள் கேட்டாலே போதும். கதை சொல்ல முடியாவிட்டால் பிள்ளை வெறும் எழுத்தைச் சொல்லியிருக்கிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். பேருந்துப் பலகை, கடைப் பெயர், தீப்பெட்டி, பால் உறை என எல்லாமே வாசிக்கத் தக்கவை.

படி 11: இத்தனைக்குப் பிறகும் தடுமாறும் குழந்தை

முதலில் கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பெயரைத் தனியாகச் சொல்லுங்கள். பலகையை நோக்கிக் கழுத்தை நீட்டும் குழந்தையும், சொன்னதைத் திருப்பிக் கேட்கும் குழந்தையும் மந்தமான குழந்தைகள் அல்லர். பார்வையும் செவியும் நன்றாக இருந்து, ஓராண்டுத் தனிக் கவனிப்புக்குப் பிறகும் எழுத்துகள் நிலைக்காவிட்டால், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை அணுகுங்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. அந்தக் குழந்தைக்கு உதவி கேட்பது உரிமை, சலுகை அன்று.

படி 12: நோட்டை ஒப்படைத்தல்

ஆண்டு இறுதியில் முதல் படியில் செய்த சோதனையை வேறு சொற்கள், வேறு கதை கொண்டு மறுபடி செய்யுங்கள். பிறகு அந்த நோட்டை அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் நேரில் கொடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரியாவது வாயால் சொல்லுங்கள்: இவள் கொம்பும் காலும் பிரிந்து நிற்பதில் இன்னும் தயங்குகிறாள், இவன் எல்லாம் வாசிப்பான், ஆனால் நிறுத்திக் கேட்டால்தான் பொருளை யோசிப்பான், இவளுக்குக் கோழிக் கதை என்றால் உயிர், அதிலிருந்து தொடங்குங்கள். மூன்றாம் வகுப்புக்குப் போகும்போது அந்த மாணவியின் பெயருக்கு எதிரே, ‘படத்தை மூடிவிட்டுக் கேட்டேன், எட்டு வரியும் வாசித்தாள், ‘வௌவால்’ என்பதில் மட்டும் நின்றாள்’ என்று எழுதிக் கொடுத்தேன்.